கழற்றிப் பூட்டிய பிறகு வரும் சத்தம்: பழைய போல்ட்டைப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

ஏ9 காப்பெற் றோட்டில் வாய் திறக்காமல் வந்த கார், மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி ஏதாவது ஒரு உள் வீதியில் இறங்கியதும் தன் வருத்தம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கும். மாரியில் குழி, கோடையில் தகரம் மடித்தது போலக் கிறவல். இரண்டுக்கும் நடுவே நாங்கள் வீட்டு முற்றத்தில் சொக் (குழியின் அதிர்ச்சியைத் தாங்கும் குழாய்) மாற்றுகிறோம், ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்) மாற்றுகிறோம், லிங்க் மாற்றுகிறோம். வேலை முடிந்து இரண்டு நாளில் வேறொரு சத்தம் வரும். உடனே "புதுச் சாமான் சரியில்லை" என்று கடைக்காரனில் பழி விழும்.

என் அனுபவத்தில் பத்தில் எட்டுத் தடவை சாமானில் பிழை இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் நட்டிலும் போல்ட்டிலும்தான் பிழை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைத்தான் எல்லோரும் உருட்டினோம். அதனால் இன்று எங்கள் முற்றத்தில் நிற்கும் வாகன் ஆரிலும் அல்டோவிலும் அக்சியோவிலும் இருக்கும் போல்ட்டுகள் பல தடவை கழற்றிப் பூட்டப்பட்டவை. யார், எப்படி இறுக்கினார்கள் என்று எவருக்கும் தெரியாது.

ஒரு விசயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். போல்ட் என்பது ஓட்டைக்குள் செருகிய முளை அல்ல. அது மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது மயிரிழை அளவு நீளுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் இரண்டு இரும்பையும் ஒன்றோடொன்று நெரித்து வைத்திருக்கிறது. இழுவை போனால், போல்ட் அறாமலே ஆர்ம் அசையும். கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

அப்புறம், மணல் தரையில் ஜக் வைப்பவர்கள் அடியில் அகலமான தடித்த பலகை போடுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

பிரேக் பிடிக்கும்போது அல்லது பின்னுக்கு எடுக்கும்போது ஒரே ஒரு "டொக்"

இது லோவர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழே பிடிக்கும் இரும்புக் கை, பொடியோடு (காரின் உடலோடு) சேரும் இடத்துப் போல்ட். சின்னக் கல்லில் "கடகட" என்று தொடர்ந்து வந்தால் ஸ்டபிலைசர் லிங்க் (கார் வளைவில் சரியாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) நட்டைப் பாருங்கள். கார் நிற்கும்போதே ஸ்டியரிங்கை ஒடிக்க வரும் சத்தம் என்றால் சொக்கின் மேல் மவுண்ட். குழியில் விழும்போது கணீரென்று இரும்புச் சத்தம் வந்தால், சொக்கை வீல் நக்கிளோடு (சக்கரம் பூட்டியிருக்கும் இரும்புத் துண்டோடு) பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள்.

ஆளைப் பிடிக்க இரண்டு பேர் தேவை. சமதரையில், எஞ்சினை நிறுத்தி, நியூட்டரில் விடுங்கள். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்தபடி இருக்க, இன்னொருவர் காரை முன்னும் பின்னும் தள்ளட்டும். உள்ளே இருப்பவர் காலை எடுக்காமலே, தள்ளுபவர் ஒரு கையைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டு, பாதி விரல் ஆர்மிலும் பாதி விரல் பிராக்கெட்டிலும் படும்படி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். காருக்கு அடியில் படுத்துப் பார்க்கிற வேலை இது அல்ல.

தளர்வு கண்டால் உடனே இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். இந்தத் தவறைத்தான் நான் நெடுநாள் செய்தேன். போல்ட்டை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். மரை இல்லாத மொட்டைப் பகுதியில் ஒரு இடம் மட்டும் வெள்ளி போல மினுங்கினால், உள்ளே புஷ்ஷின் இரும்புக் குழாய் அதன் மேல் அசைந்து தேய்த்திருக்கிறது. அந்தப் போல்ட்டின் காலம் முடிந்தது. பிராக்கெட் ஓட்டையையும் பாருங்கள். வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால் எந்தப் புதுப் போல்ட்டும் உங்களைக் காப்பாற்றாது. அது வெல்டிங் தெரிந்த நல்ல பாஸிடம் போக வேண்டிய வேலை.

மினுக்கம் இல்லை என்றால் திரும்பப் போடலாமா என்று பார்க்க மூன்று சோதனை போதும். கம்பித் தூரிகையால் மரையைத் துப்புரவாக்கி, நைலோன் இல்லாத ஒரு சாதாரண நட்டை வெறும் விரலால் முழு மரை நீளத்துக்கும் ஓட்டுங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் போல்ட் அங்கே நீண்டுவிட்டது, மரை இடைவெளி மாறிவிட்டது. இரண்டாவது, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். தள்ளாடினால் வளைவு. மூன்றாவது, கறளைத் துடைத்துவிட்டு நகத்தால் கீறிப் பாருங்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. நகம் குழிகளில் சிக்கினால் தூக்கி எறியுங்கள். பூநகரிப் பக்கமும் ஆனையிறவுப் பக்கமும் ஓடுகிற கார்களில் இந்த மூன்றாவது சோதனையில்தான் அதிகம் தோற்கிறது. உப்புக் காற்று வெளியே தெரியும் தலையை விட்டுவிட்டு, பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இருக்கும் கழுத்தைத்தான் தின்னும்.

இறுக்கி நூறு கிலோமீற்றருக்குள் நட் திரும்பத் தளர்கிறது

பக்கத்து வீட்டு அண்ணையிடம் ஒரு தடவை கேட்டேன், "அண்ணை, இந்த நைலோன் நட்டை மாத்தவோ?" என்று. "ஏன் தம்பி காசைக் கொட்டுறாய், மரை நல்லாத்தானே கிடக்கு" என்றார். மரை நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்த நட் பிடிப்பது மரையால் மட்டும் அல்ல. தலையில் தெரியும் நீல அல்லது வெள்ளை நைலோன் வளையம் போல்ட்டின் மரைக்கு இறுக்கமாக உராய்ந்து, அதிர்விலும் நட்டைச் சுழல விடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை பூட்டியதும் அந்த வளையத்தில் மரை வெட்டிவிடும். இரண்டாம் மூன்றாம் தடவை பிடிப்பு குறைந்துகொண்டே போகும்.

சோதனை மிகவும் எளிது. போல்ட்டின் நுனி வளையத்தைத் தாண்டும்வரை நட்டைக் கையால் சுழற்றுங்கள். விரலால் சுழன்றால் அது இனிப் பூட்டு நட் அல்ல, வெறும் நட். ஸ்பனர் இல்லாமல் ஓடாது என்றால் அவசரத்துக்குப் போடலாம். ஆனாலும் நான் நைலோன் நட்டை ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடுவேன். ஒரு கிலோ கத்தரிக்காய்க் காசுக்கு ஒரு லிங்க் நட் வரும். காஸ் அடித்துச் சூடாக்கிக் கழற்றியது என்றால் சோதனையே வேண்டாம், நைலோன் ஏறக்குறைய 120 பாகைக்கு மேல் தன் குணத்தை இழந்துவிடும். முழு இரும்பில், தலைப்பக்கம் கொஞ்சம் நெளித்து வரும் பூட்டு நட்டுக்கும் இதே விரல் சோதனைதான்.

சிலர் பழைய நைலோன் நட்டுக்கு லொக்டைட் பூசி வேலையை முடிப்பார்கள். அந்தப் பசை எண்ணெய் துளியும் இல்லாத, துப்புரவான இரும்பில்தான் பிடிக்கும். எங்கள் முற்றத்தில் கிறீஸ் கையோடு நின்று பூசினால் அது வெறும் நிறம். சிவப்பு வகையைத் தெரியாமல் பூசிவிட்டால் அடுத்த தடவை கழற்ற ஏறக்குறைய 250 பாகை சூடு காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் ரப்பர் பூட் அதைத் தாங்காது.

நட் புதியது, ஆனாலும் தளர்கிறது என்றால் இரண்டு இரும்பும் சேரும் முகத்தைப் பாருங்கள். பெயின்ட், கறள் செதில், மணல் ஏதாவது இடையில் இருந்தால், இறுக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். ஓடும்போது அது நசிந்து ஒதுங்க, போல்ட்டின் நீட்சி போய்விடும். வன்னிச் செம்மண் இதில் கெட்டிக்காரன்.

இறுக்க இறுக்க இறுகாமல் "மெத்தென்று" போகிறது

ஸ்பனரில் இறுக்கம் ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று ஏறாமல் வெறுமனே சுற்றத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். ஒன்று மரை உரிகிறது, அல்லது போல்ட் நீளுகிறது. இன்னும் கால் சுற்று என்று ஆசைப்பட்டால் தலை கையோடு வரும்.

போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால் அறும். அதில் 80 வீதம், அதாவது 640 இலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். 10.9 இல் அந்த எண்கள் 1000, 900. ஜப்பான் கார்களில் இப்படிப் புள்ளி வைத்த எண்ணுக்குப் பதில் 4, 7, 9, 11 என்று ஒற்றை எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 7 என்றால் சதுர மில்லிமீற்றருக்கு 70 கிலோ இழுவை. ஒன்றுமே எழுதாத ஹாட்வெயார் போல்ட்டை 4.6 தரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது கேற் பூட்டத்தான் உதவும். மினுமினுவென்று கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் கண்ணுக்கு அழகு. ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 வகை 8.8 ஐ விடப் பலம் குறைந்தது, 450 இலேயே நீளத் தொடங்கும். உப்புக் காற்றுக்கு நல்லது என்று சொக்குக்குப் போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதில்தான் வீட்டு வேலைக்காரர் எல்லோரும் சறுக்குகிறோம். கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 வீதம் மரையிலும் தலைக்கடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சம் 10 வீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. அதனால் மரைக்கு எண்ணெய் பூசிவிட்டு, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவு முறுக்கைக் கொடுத்தால் போல்ட் தேவைக்கு மேல் நீளும். மனுவல் பூசச் சொன்னால் பூசுங்கள், சொல்லாவிட்டால் துடையுங்கள்.

டோர்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பனர்) இல்லையா? மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று இருந்தால் போதும். ஸ்பனருக்குக் குழாய் மாட்டி, நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு மீற்றரில் அடையாளம் போட்டு, அந்த இடத்தில் தராசைக் கொளுவிக் குழாய்க்குச் செங்குத்தாக இழுங்கள். 10 கிலோ காட்டினால் 98 நியூட்டன் மீற்றர். டொயோட்டாச் சிறிய கார்களின் வீல் நட்டுக்குச் சொல்லும் 103 என்ற விநோத எண் பழைய கணக்கில் 10.5 கிலோ மீற்றர்தான், தராசில் 10.5 வந்ததும் விட்டுவிடலாம். அரை மீற்றரில் இழுத்தால் இரண்டு மடங்கு, 21 கிலோ. விலையான ரெஞ்ச் அளவுக்கு நுணுக்கம் வராது. ஆனால் "கைக்கு ஒரு திடம்" என்று இறுக்குவதை விட ஆயிரம் மடங்கு மேல்.

மனுவலில் முறுக்கு அளவைச் சொல்லி, அதன் பிறகு 90 பாகை திருப்பு என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே நீட்டிப் பூட்டும் போல்ட். ஐரோப்பியக் கார்களில் நிறைய. அதற்கு மேலே சொன்ன மூன்று சோதனையும் பொருந்தாது, ஒரு தடவைதான். டொயோட்டா மனுவல் படங்களில் பெயருக்கு முன்னால் கறுப்பு வைரக் குறி இருந்தாலும் அதே பொருள்: திரும்பப் போடாதே.

புதுப் போல்ட் இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது

ஒரு தடவை லோவர் ஆர்ம் போல்ட் அறுந்து, அவசரத்துக்கு ஒரு ஹாட்வெயாரில் 12 மில்லிமீற்றர் போல்ட் வாங்கினேன். தடிப்பு அச்சொட்டாக அதே. இரண்டு சுற்றில் நின்றது. "இறுக்குங்கோ அண்ணை, போகும்" என்றான் பெடியன். இறுக்கினேன், போனது. பொடியில் வெல்டு செய்திருந்த நட்டின் மரையையும் கூட்டிக்கொண்டு போனது. அதைச் சரிக்கட்ட ஆன செலவில் பத்து அசல் போல்ட் வாங்கியிருக்கலாம். மரை கழன்றவன் என்று வீட்டில் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை.

காரணம் மரையின் நெருக்கம். ஜப்பான் கார்களில் 10, 12 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர் மரை. ஹாட்வெயாரில் சாதாரணமாகக் கிடைப்பது 10 இற்கு 1.5, 12 இற்கு 1.75. ஸ்பனர் அளவே ஒரு துப்புத் தரும்: 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஜப்பான் காரில் 14 ஸ்பனர் போகும், ஹாட்வெயார் போல்ட் பெரும்பாலும் 17 கேட்கும். வீல் நட்டிலும் இதே பொறி. டொயோட்டா 1.5, சுசுகி 1.25, தடிப்பு இரண்டுக்கும் 12 தான். பக்கத்து வீட்டு நட்டைக் கடன் வாங்கும் முன் இதை நினையுங்கள்.

எந்தப் போல்ட்டையும் முதல் ஐந்து சுற்று விரலால் மட்டும் போடுங்கள். விரலுக்குப் போகாவிட்டால் ஸ்பனருக்கும் போகக் கூடாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பழைய பாட்ஸ் கடைகளில் அசல் போல்ட் கிடைக்கும். மூன்று சோதனையையும் கடை வாசலிலேயே செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நட் கழன்றும் போல்ட் வெளியே வராது, அல்லது நட்டோடு சேர்ந்து சுற்றுகிறது

இரண்டும் வேறு வேறு நோய். லிங்கிலும் டை ரொட்டிலும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியிலும்) நட்டோடு பந்துத் தண்டு சேர்ந்து சுற்றினால், தண்டின் நுனியில் அலன் சாவிக் குழி இருக்கிறதா பாருங்கள். அல்லது பின்பக்கம் ஸ்பனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். கூம்பு வடிவத் தண்டு என்றால் கீழிருந்து ஜக்கால் மெல்லத் தூக்கி நெரித்தால் கூம்பு இறுகித் தண்டு நிற்கும்.

சொக்கை நக்கிளோடு பிடிக்கும் போல்ட்டுகளில் தலைக்குக் கீழே பல் வைத்திருக்கும். அங்கே போல்ட்டைத் திருப்பினால் பல் ஓட்டையை அரித்துவிடும். போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுழற்றுங்கள். எடுக்கும்போதும் சுத்தியலை நேரே மரையில் அடிக்காமல், நட்டை நுனி மட்டம் வரை விட்டு அதன் மேல் தட்டுங்கள்.

புஷ்ஷுக்குள் கறளேறி ஒட்டிய போல்ட்தான் உண்மையான தலைவலி. முதல் நாள் மாலையே கறள் எண்ணெய் விட்டு, மறுநாள் காலை திரும்ப விட்டுத் தட்டுங்கள். தலை சுற்றும்போது புஷ்ஷின் ரப்பரும் முறுகினால் போல்ட் குழாயோடு ஒன்றாகிவிட்டது. பலத்தைக் கூட்டுவதில் பயனில்லை. ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் இரண்டு பக்கமும் வாளால் அல்லது கிரைண்டரால் அறுத்து எடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் போகும், பிராக்கெட் மிஞ்சும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டவே வேண்டாம்; சில வகைகளில் இருக்கும் குளோரின் சூட்டில் நச்சு வாயுவாகும். புதுப் போல்ட் போடும்போது மரை இல்லாத மொட்டைப் பகுதிக்கு மட்டும் மெல்லிய கிறீஸ் பூசுங்கள், அடுத்த தடவை நீங்களே நன்றி சொல்வீர்கள்.

சொக்கின் உச்சியில், நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை மட்டும் ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்காமல் தொடாதீர்கள். அது கழன்றால் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

புது புஷ் சில மாதத்தில் கிழிகிறது, கார் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கிறது

புஷ் பழுதில்லை, போல்ட்டும் பழுதில்லை. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டீர்கள். இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் உள் குழாயோடும் வெளி உறையோடும் ஒட்டியிருக்கும்; போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு நிலையாக நின்றுவிடும். ஆர்ம் ஆடுவது ரப்பர் முறுகுவதால்தான். தொங்கிய நிலையில் பூட்டினால், காரைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்தே ரப்பர் முறுகியபடி நிற்கும். அதற்கு மேல் கிறவல் றோட்டும் சேர்ந்தால் ஒரு மாரி தாங்காது. என் முதல் புஷ் இப்படித்தான் போனது.

எல்லாப் போல்ட்டையும் கையளவு மட்டும் பூட்டி, பொடியில் ஸ்டாண்ட் இருக்கவே, லோவர் ஆர்மின் வெளி நுனியில் ஜக் வைத்து, பொடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும்வரை தூக்குங்கள். கார் தன் காலில் நிற்கும் நிலைக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது இறுக்குங்கள். ஏற்கெனவே பூட்டிவிட்டீர்கள், புஷ் இன்னும் கிழியவில்லை என்றால், அதே நிலையில் தளர்த்தித் திரும்ப இறுக்கினால் பிழைக்கும்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

ஆர்மில், ஓட்டை நடுவை விட்டு விலகிய வாசரோடு ஒரு போல்ட் இருந்தால், அது சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் போல்ட். கழற்ற முன் வாசரிலும் பிராக்கெட்டிலும் ஒரே கோட்டில் உளியால் சிறு வெட்டுப் போடுங்கள். சோக்கட்டி எண்ணெயில் அழிந்துவிடும். சொக் போல்ட்டுகளைக் கழற்றினாலும் சாய்வு மாறும். எப்படியும் பிறகு ஒரு எலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

காசில் நட்டின் வெட்டும் ஓட்டையும் சேரவில்லை

காசில் நட் என்பது தலையில் வெட்டுகள் உள்ள நட்; அந்த வெட்டுக்குள்ளால் ஸ்பிளிட் பின் என்ற வளையும் கம்பியைச் செருகி நட் சுழலாமல் பூட்டுவோம். சொன்ன முறுக்குக்கு இறுக்கிவிட்டீர்கள், ஸ்பிளிட் பின் ஓட்டை வெட்டுக்கு நேரே வரவில்லை. பின்னுக்குத் தளர்த்தி நேராக்க வேண்டாம். அடுத்த வெட்டு வரும்வரை முன்னுக்கு இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். நிமிர்த்தி வளைத்த பழைய ஸ்பிளிட் பின், அடுத்த தடவை வளையும் இடத்திலேயே முறியும். கட்டுக்கம்பி, கூரை ஆணி, சைக்கிள் ஸ்போக் எல்லாம் அந்த ஓட்டையில் பார்த்திருக்கிறேன். டை ரொட் கழன்றால் சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பும், உங்கள் ஸ்டியரிங் சொல் கேட்காது. அந்தப் பின்னை ஒரு டசினாக வாங்கி டாஷ்போர்ட்டில் போட்டு வையுங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்து இரும்புக்கு வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்கோடு இழுங்கள். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் ரோச் லைட்டோடு குனிந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் ஸ்பனரைத் தொடாதீர்கள். முறிந்திருந்தால் அந்த நட்டின் பெயர் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, மேலே இரண்டாவது அறிகுறிக்குத் திரும்பப் போங்கள்.